பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர்... ஆன்லைன் போக்கரில் 'கைமுதல்' கணக்கு!

2006-ல் கிறிஸ் ஃபெர்குசனுக்குப் பணத்துக்கு எந்தப் பஞ்சமும் இல்லை. 2000-ம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜெயித்து 15 லட்சம் டாலர் வாங்கியவர். கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வேறு. தோள்வரை முடி, தாடி, அகலமான தொப்பி. சக ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஜீசஸ்'. அப்படிப்பட்டவர் திடீரென்று, "கையிலிருந்து ஒரு சென்ட்கூடப் போடாமல் ஆன்லைன் போக்கரில் 10,000 டாலர் சேர்க்கப்போகிறேன்" என்று கிளம்பினார்.

ஆரம்பம் படு பரிதாபம். பணம் போடாமல் ஆடணும் என்றால் ஃப்ரீரோல் எனப்படும் இலவசப் போட்டிகள்தான் வழி. ஆயிரக்கணக்கான பேர் முட்டி மோதி, கடைசியில் சில பேருக்கு மட்டும் சில்லறை கிடைக்கும். அந்தச் சில்லறையை எடுத்துக்கொண்டு மிகச் சின்ன டேபிளில் உட்காருவார், தோற்பார், மறுபடி ஃப்ரீரோலுக்கு வருவார். ஏழு மாதம் கழித்து அவர் கணக்கில் இருந்தது ஆறரை டாலர். உலக சாம்பியன், ஏழு மாதம், ஆறரை டாலர்! ஆனால், மொத்தமாக ஒன்றரை வருடம் முடிவதற்குள் 10,000 டாலரைத் தாண்டிவிட்டார்.

அதெப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு ஆப் தேடக் கிளம்பிவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இந்தியா முழுக்கத் தடை செய்துவிட்டது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய விவாதத்துக்கே அதில் இடமில்லை. நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை என்றாலும், பணம் போகிற வழியை அடைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே தமிழ்நாட்டில், ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகளைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022-ல் தனிச் சட்டமே வந்தது. எனவே, இது 'எப்படிச் சம்பாதிப்பது' கட்டுரை இல்லை. அந்த உலகத்தில் பணக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

சட்டைப் பையும் பேன்ட் பையும்

கல்யாண மண்டபத்து மாடியில் விடிய விடிய நடக்கும் சீட்டுக் கச்சேரியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் இருப்பார். 500 ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்காருவார். அது தீர்ந்தால் எழுந்து போய்ப் படுத்துவிடுவார். பேன்ட் பையில் மொய்ப் பணம் இருக்கும், அதைத் தொட மாட்டார். இன்னொருவர், "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று பேன்ட் பைக்குள் கை விடுவார். காலையில் மொய் எழுதப் பணம் இருக்காது.

அந்தச் சட்டைப் பைதான் பேங்க்ரோல். நம் பேச்சில் கைமுதல். ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய பணம். வாடகைக்கோ ஸ்கூல் ஃபீஸுக்கோ சம்பந்தமில்லாதது. மொத்தமும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியணும். இந்தப் பிரிவினை இல்லாதவருக்குக் கைமுதல் என்று ஒன்று கிடையாது.

ஆன்லைனில் மிகச் சின்ன டேபிள் என்றால் ஒரு சென்ட் - இரண்டு சென்ட் டேபிள். ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் பந்தயம் வைக்கணும். ஒருவர் ஒரு சென்ட், இன்னொருவர் இரண்டு சென்ட். இதற்கு பிளைண்ட் என்று பெயர். வழக்கமாகப் பெரிய பிளைண்டைப்போல 100 மடங்கு பணத்தோடு உட்காருவார்கள். அதாவது 2 டாலர். இதுதான் ஒரு பை-இன்.

அந்த 2 டாலர் டேபிளில் உட்கார எவ்வளவு கைமுதல் வேண்டும்? 2 டாலர் போதும் என்பது புதியவரின் பதில். குறைந்தது 20 முதல் 30 பை-இன், அதாவது 40 - 60 டாலர் வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் பதில். டோர்னமென்ட் ஆடுபவர்கள் 100 பை-இன்கூடப் போதாது என்பார்கள். ஏனென்றால், அதில் பெரும்பாலான நாள்கள் வெறுங்கைதான்.

மூன்று விதிகள்

ஃபெர்குசன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதிகள் ரொம்ப எளிமையானவை. சாதாரண டேபிளிலோ, ஒரே டேபிளில் முடியும் சின்னப் போட்டியிலோ கைமுதலில் 5 சதவிகிதத்துக்கு மேல் போடக் கூடாது. பல டேபிள் டோர்னமென்ட் என்றால் 2 சதவிகிதம்தான் உச்சம். கையில் காசே இல்லாத ஆரம்ப நாள்களுக்கு மட்டும் சலுகை: இரண்டரை டாலர் வரையிலான ஆட்டங்களிலும், ஒரு டாலர் டோர்னமென்ட்டிலும் சதவிகிதம் பார்க்காமல் கலந்துகொள்ளலாம்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்கவைத்தது. டேபிளில் அவர் முன்னால் இருக்கும் பணம் மொத்தக் கைமுதலில் 10 சதவிகிதத்தைத் தாண்டினால், அடுத்து பிளைண்ட் வைக்கும் முறை வரும்போது எழுந்துவிட வேண்டும். கவனியுங்கள், இது ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போகச் சொல்லும் விதி! தோற்கும்போது எழுவதே நமக்கெல்லாம் கஷ்டம். 'இன்னிக்கு நம்ம நாள்டா' என்று கை சூடாக இருக்கும்போது எழுந்திருக்க எவ்வளவு மனசு வேண்டும்? ஆனால், அவர் கணக்கு வேறு. ஜெயித்த பணமும் இப்போது கைமுதல்தான். அதில் பெரும்பகுதியை ஒரே ஆட்டத்தில் எதிராளி வாரிக்கொண்டு போக ஏன் விட வேண்டும்?

5 சதவிகித விதி என்ன செய்கிறது என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 100 டாலர் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 5 சதவிகிதம் போட்டு, வரிசையாகப் பத்து முறை தோற்றாலும் 60 டாலர் மிச்சமிருக்கும். ஒவ்வொரு முறையும் பாதியைப் போடுகிறவருக்கு ஐந்தே தோல்வியில் 3 டாலர்தான் மிஞ்சும். இரண்டு பேருடைய திறமையும் ஒன்றாகவே இருக்கலாம்; ஆறாவது ஆட்டத்தில் உட்காரப்போவது ஒருவர்தான்.

இந்த விதிக்குள் ஒளிந்திருக்கும் கசப்பு மருந்து, கீழே இறங்குவது. கைமுதல் 200 டாலராக இருக்கும்போது 10 டாலர் டேபிள். 100 ஆகச் சுருங்கினால் 5 டாலர் டேபிளுக்குத் திரும்பணும். பெரிய டேபிளில் ஆடிப் பழகியவருக்கு இது மானப் பிரச்னை. "சில்லறைப் பசங்களோட உக்காரணுமா?" என்று தோன்றும். உலக சாம்பியனே சென்ட் டேபிளுக்கு இறங்கி வந்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

நல்லா ஆடினாலும் தோற்கலாம்

போக்கரில் திறமைக்கு மதிப்பு உண்டு. ஆனால், அது தெரிய நாளாகும். ஒரு நல்ல ஆட்டக்காரர் 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் லாபம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன டேபிளில் இது நல்ல வேகம்தான். ஆனால், அதே 100 ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் 90 பிளைண்ட் அளவுக்கு இருப்பது சகஜம். இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், 10,000 ஆட்டம் ஆடி முடித்த பிறகும் அவர் நஷ்டத்தில் இருப்பதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருக்கிறது. தப்பே செய்யாமல்! கைமுதலில் 30 பை-இன் வைத்துக்கொள்ளச் சொல்வது இந்த இடைவெளியைத் தாண்டத்தான்.

ஆனால், இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நிஜமாகவே மோசமாக ஆடுகிறவரும் "எனக்கு நேரம் சரியில்லை, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு எந்தக் கைமுதல் விதியும் உதவாது. 5 சதவிகிதம், 5 சதவிகிதமாக மெதுவாகத் தோற்பார்.

சரி, ஜெயிப்பவருக்கு என்ன கிடைக்கும்? ஒன்று - இரண்டு சென்ட் டேபிளில் 10,000 ஆட்டத்துக்கு 500 பிளைண்ட் லாபம் என்றால், 10 டாலர். ஒரே நேரத்தில் நான்கு டேபிள் திறந்து மணிக்கு 300 ஆட்டம் ஆடினாலும், இதற்கு 33 மணி நேரம் ஆகும். நம் பணத்தில் மணிக்கு 26 ரூபாய். கண்ணும் முதுகும் வலித்ததற்கு ஒரு டீயும் வடையும்!

இதில் ரேக் வேறு. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து டேபிளை நடத்தும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கமிஷன் இது. சுமார் 5 சதவிகிதம் வழக்கம். பெரிய டேபிளில் இதற்கு உச்சவரம்பு இருப்பதால் அவ்வளவாக உறைக்காது. சின்ன டேபிளில் அந்த வரம்பைத் தொடுவதே அபூர்வம். முழு 5 சதவிகிதமும் போகும். ஒரு டாலர் சேர்ந்தால் 5 சென்ட் காலி. அந்த டேபிளில் அது இரண்டரைப் பிளைண்ட். நான்கு பேரும் சமமான திறமையோடு உட்கார்ந்தால், இரவு முடியும்போது நான்கு பேருமே நஷ்டத்தில் இருக்க முடியும்.

இதற்கு நேர் எதிரான கதைதான் எல்லோருக்கும் தெரியும். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்க அக்கவுன்டன்ட், 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் ஜெயித்தார். (ஆமாம், நிஜப் பெயரே மணிமேக்கர்தான்!) அவரைப் பார்த்துத்தான் லட்சக்கணக்கானவர்கள் ஆன்லைனுக்கு வந்தார்கள். மணிக்கு 26 ரூபாய் கணக்கைப் பார்த்து வந்தவர் யாரும் இருக்க முடியாது.

அடுத்தவர் சட்டைப் பை

ஃபெர்குசன் இந்தச் சவாலை ஆடிய தளம் ஃபுல் டில்ட் போக்கர். அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கோபத்தில் நிதானமிழந்து ஆடுவதைப் போக்கரில் 'டில்ட்' என்பார்கள். தளத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்தான்.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை மூன்று பெரிய போக்கர் தளங்கள் மீது வழக்கு போட்டு முடக்கியது. போக்கர் உலகம் அதைக் 'கறுப்பு வெள்ளி' என்கிறது. அதில் ஒன்றான போக்கர்ஸ்டார்ஸ், ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியாக வைத்திருந்ததால் சில வாரங்களிலேயே அமெரிக்கர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஃபுல் டில்ட்டால் முடியவில்லை. உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி. உரிமையாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் நான்கு ஆண்டுகளில் 44 கோடி டாலர் போயிருந்ததாகவும், இது ஒரு பொன்சி மோசடி என்றும் அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது. அந்த இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 2013-ல் அவர் சமரசம் செய்துகொண்டார்.

5 சதவிகிதம், 2 சதவிகிதம் என்று ஒழுங்காகக் கணக்குப் பார்த்துச் சேர்த்தவர்களின் கைமுதலும் அதற்குள்தான் மாட்டியது. எந்த டேபிளில் எவ்வளவு போடலாம் என்று அவர்களுக்கு விதி இருந்தது. மொத்தப் பணமும் யார் கணக்கில் கிடக்கிறது என்பதற்கு எந்த விதியும் இல்லை.

2012-ல் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட்டை வாங்கிக்கொண்டு அமெரிக்க அரசுடன் 73 கோடி டாலருக்கு உடன்பாடு செய்த பிறகுதான் பணம் திரும்பும் வழி பிறந்தது. மற்ற நாட்டவர்களுக்கு அந்த வருடக் கடைசியில் கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு முதல் தவணை வந்தது 2014 பிப்ரவரியில். ஃபெர்குசன் மறுபடி ஆட வந்து, 2017-ல் உலகத் தொடரின் 'ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்' பட்டமும் வாங்கினார். ஆட்டக்காரர்களிடம் வீடியோவில் மன்னிப்புக் கேட்டது 2018-ல்.

(ஆன்லைன் சூதாட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களும், அவர்களின் குடும்பத்தினரும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.)