சிங்கப்பூரில் குடல் அழற்சி, பெருங்குடல் புற்றுநோய் ஆய்வு

குடலின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் நீடிக்கும் அழற்சி, பெருங்குடலில் புற்றுநோய் உருவாக வழிவிடக்கூடும். இந்தத் தொடர்பை ஆராயும் உலக நகரங்களுள் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூன்று சமூகத்தாரும் ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே மருத்துவமனைகளுக்குச் செல்வதால் நோய்களை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்க்கும்போது ஒரு புதிர் தென்படுகிறது. பெருங்குடல் புற்றுநோய் சீனரிடையே அதிகம், இந்தியரிடையே குறைவு. அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ இந்தியரையே கூடுதலாகப் பிடிக்கிறது. அழற்சி மிகுந்த சமூகத்தில் புற்றுநோய் ஏன் குறைந்திருக்கிறது?

புற்றுநோய்ப் பதிவகம்

இப்படிக் கேட்பதற்கே முதலில் நம்பகமான கணக்கு வேண்டும். அதைத் தொடங்கிவைத்தவர் பேராசிரியர் க. சண்முகரத்தினம் (1921–2018). இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த இந்த நோய்க்குறியியல் அறிஞர், இன்றைய சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை. அவர் அமைத்த சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1968 முதல் நாடு முழுவதும் கண்டறியப்படும் புற்றுநோய்களை இனம், பால், வயது வாரியாகப் பதிந்துவருகிறது. முதலில் மருத்துவர்கள் தாமாக முன்வந்து தகவல் தந்தார்கள். தேசிய நோய்ப் பதிவகச் சட்டம் 2007இல் நிறைவேறிய பிறகு தகவல் தருவது கட்டாயமாயிற்று.

அரை நூற்றாண்டுப் பதிவுகளைப் புரட்டினால் நகரத்தின் வாழ்க்கை மாறிய விதம் தெரியும். வயிற்றுப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்கள் ஏறின. இன்று அவை ஆண்களிடையே முதல் இரண்டு இடங்களுக்குள் வருகின்றன. பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த நிலையில் உள்ளன.

அழற்சி நோய்கள்

குடல் அழற்சி நோய் என்னும் பெயரில் முதன்மையாக இரண்டு நோய்கள் அடங்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்குகிறது. குரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றலாம். குடற்சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கலாம். குடல் காசநோயும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைக் காட்டுவதால், காசநோய் உள்ள நாடுகளில் இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்குப் பெரிய சோதனை.

சிங்கப்பூரில் இந்தியரிடையே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கூடுதல் என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான உள்ளூர் ஆய்வு எடுத்துக்காட்டியது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய தெற்காசியரிடமும் 1990களின் தொடக்கத்தில் இதே போக்கு காணப்பட்டது. மரபணுக்களோடு, புலம்பெயர்ந்த வாழ்வில் மாறும் உணவும் குடல் நுண்ணுயிர்களும் சேர்ந்து செயல்படுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அழற்சி புற்றாகும் வழி

கொலைட்டிஸ் நோயாளிக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்ததை மருத்துவர்கள் குரோனும் ரோசன்பர்க்கும் 1925இலேயே பதிவு செய்தார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்த 2001ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தொடங்கிப் 10 ஆண்டுகளில் 2 விழுக்காட்டினருக்கும், 20 ஆண்டுகளில் 8 விழுக்காட்டினருக்கும், 30 ஆண்டுகளில் 18 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் வரலாம் என்று மதிப்பிட்டது. நல்ல மருந்துகளும் தொடர் கண்காணிப்பும் வந்தபின் வெளியான மதிப்பீடுகள் இதைவிடக் குறைவு.

அழற்சியின்போது நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் உட்படல அணுக்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன. புண்ணை ஆற்ற அணுக்கள் மீண்டும் மீண்டும் பிரியும்போது அந்தப் பிழைகளும் பெருகுகின்றன. வழக்கமான பெருங்குடல் புற்றுநோயில் முதலில் பழுதாவது பெரும்பாலும் ஏபிசி மரபணு. பி53 மரபணு பின்னால் கெடும். அழற்சிவழிப் புற்றில் இந்த வரிசை தலைகீழாகிறது. அது பாலிப் என்னும் சதைமுளையாகத் துருத்தி நிற்காமல் தட்டையாகப் பரவுவதும் உண்டு. அதனால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

புதிருக்கான விடையின் ஒரு பகுதி இங்கே கிடைக்கிறது. மொத்தப் பெருங்குடல் புற்றுநோய்களில் குடல் அழற்சி நோயிலிருந்து கிளைப்பவை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். எஞ்சியவற்றைத் தீர்மானிப்பவை முதுமை, புகை, மது, பதப்படுத்திய இறைச்சி, உடல் பருமன், பரம்பரை முதலியன. ஆகவே ஒரு சமூகத்தில் கொலைட்டிஸ் கூடியிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது. 1993 முதல் 1998 வரை 63,257 பேரைச் சேர்த்த சிங்கப்பூர்ச் சீனர் நல ஆய்வு, புகைத்தலுக்கும் மிகுதியான மதுவுக்கும் இந்தப் புற்றுநோயோடு உள்ள தொடர்பை உறுதிப்படுத்தியது.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மூட்டையாக விற்கும் மஞ்சள்தான் இந்தியரைக் காக்கிறது என்ற பேச்சும் உண்டு. மஞ்சளிலுள்ள குர்குமினை ஜப்பானில் 89 கொலைட்டிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். வழக்கமான மருந்தோடு நாளுக்கு 2 கிராம் சேர்த்துக்கொண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு அது சான்றாகாது. குழம்பில் விழும் ஒரு சிட்டிகை மஞ்சளில் அந்த அளவு குர்குமின் கிடைக்கவும் கிடைக்காது.

ஆய்வுக்கூடங்கள்

கியோட்டோவிலிருந்து 2002இல் சிங்கப்பூருக்கு வந்த யோஷியாகி இட்டோவின் குழு, ரன்எக்ஸ்3 என்னும் மரபணு குடல் அணுக்களின் வளர்ச்சிக் கட்டளைகளை அடக்கிவைப்பதை 2008இல் விளக்கியது. அதே மரபணு நோயெதிர்ப்பு அணுக்களில் இல்லாத எலிகளுக்குத் தானாகவே கொலைட்டிஸ் வருவதை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் முன்னரே கண்டிருந்தனர். இரண்டு நோய்களும் ஒரே மரபணுவில் சந்திப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குடல் உட்படலத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் குருத்தணுக்களை எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தால் 2007இல் இனங்கண்டவர் நிக் பார்க்கர். புற்று அந்தக் குருத்தணுக்களிலேயே தொடங்கக்கூடும் என்று 2009இல் காட்டிய அவர், பின்னர் நெதர்லாந்திலிருந்து சிங்கப்பூருக்குப் பணிபுரிய வந்தார். தேசியப் புற்றுநோய் நிலையமும் சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகமும் பிறநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, 63 நோயாளிகளின் 3,73,058 அணுக்களைத் தனித்தனியே படித்து, புற்றணுக்கள் இரு பெரும் வகைகளாகப் பிரிவதைக் கண்டறிந்தது.

ஆஸ்பிரின் சோதனை

அழற்சியைத் தணித்தால் புற்றுநோய் திரும்பாமல் இருக்குமா? இதைச் சோதிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 2008இல் ‘ஆஸ்கால்ட்’ சோதனையைத் தொடங்கியது. இந்தியா உட்பட 11 நாடுகள், ஆட்சிப்பகுதிகளைச் சேர்ந்த 1,587 பேர் அதில் பங்கேற்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்தபின் ஒரு பிரிவினர் நாளுக்கு 200 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மற்றவர்கள் போலி மாத்திரையும் 3 ஆண்டுகள் உட்கொண்டனர். ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் முறையே 77.0, 74.8 விழுக்காடு. மருந்தால் பயன் என்று சொல்ல இந்த வேறுபாடு போதவில்லை. பிஐ3கே என்னும் அணுச் சமிக்ஞைப் பாதையில் மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து 160 மில்லிகிராம் கொடுத்த ஸ்காண்டிநேவியச் சோதனையிலோ நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதன் முடிவு 2025இல் வெளியானது.

பரிசோதனை

சிங்கப்பூரில் 50 வயதைத் தொட்டவர்கள் ஆண்டுதோறும் மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் கண்டறியும் ‘ஃபிட்’ பரிசோதனை செய்துகொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இதற்கான பெட்டியை இலவசமாகத் தருகிறது. வீட்டிலேயே இரு வேறு நாள்களில் மாதிரி எடுத்து அனுப்பலாம். ரத்தம் இருப்பது தெரிந்தால் அடுத்து, பெருங்குடலின் உட்புறத்தைக் குழாய்க் கருவியால் பார்க்கும் கொலனோஸ்கோபி.

இது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான ஏற்பாடு. மலத்தோடு ரத்தம் போவதை மூலம் என்று சொல்லிக்கொண்டு நாள் கடத்துபவர் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு அழற்சியாலேயே ரத்தம் கசிவதால் ‘ஃபிட்’ முடிவு உதவாது. நோய் தொடங்கிச் சுமார் 8 ஆண்டுகள் ஆனதும் அவர்களுக்குக் கொலனோஸ்கோபிக் கண்காணிப்பு தொடங்குகிறது. அடுத்த சோதனை ஓராண்டிலா ஐந்தாண்டிலா என்பது அழற்சியின் பரப்பையும் தீவிரத்தையும் குடும்ப வரலாற்றையும் பொறுத்தது.