ஜெர்மானியக் கம்பெனி நிர்வாகத்தில் தொழிலாளரும் பங்குதாரரும்

தொழிலாளர் சட்டமும் முதலீட்டாளர் பாதுகாப்பும் கம்பெனி நிர்வாகத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஜெர்மனியில் காண்பதைப்போல் அத்தனை தெளிவாக வேறெங்கும் காண்பதரிது. அங்கே பங்குக் கம்பெனிகளுக்கு இரண்டு சபைகள் உண்டு. அன்றாடக் காரியங்களை நடத்துவது நிர்வாகக் குழு. அதன் அங்கத்தினரை ஒரு தவணைக்கு ஐந்தாண்டுக்கு மேற்படாமல் நியமிப்பதும், தக்க காரணமிருப்பின் நீக்குவதும் மேற்பார்வைக் குழுவின் அதிகாரம்.

தொழிலாளர் இடம் பெற்றது இந்த இரண்டாவது சபையில்தான். நிலக்கரி, எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாக நின்ற 1951 ஜனவரியில், தொழிற்சங்கத் தலைவர் ஹான்ஸ் பொக்லரும் அரசாங்கத் தலைவர் அடனோவரும் கண்ட உடன்பாட்டின் பயனாக, ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் அத்தொழிற் கம்பெனிகளில் இரு தரப்பாருக்கும் சம ஸ்தானமும் இடையே நடுநிலையாளர் ஒருவரும் என்ற சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. மற்றத் தொழில்களுக்கு 1952-இல் மூன்றிலொரு பங்கே கிடைத்தது.

இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்குப் பாதி ஸ்தானம் அளித்த 1976-ஆம் ஆண்டுச் சட்டமோ, பார்வைக்குச் சமத்துவமாயினும் முழுச் சமத்துவமன்று. வாக்குகள் சரிபாதியாய்ப் பிரிந்தால் மறுபடி வாக்கெடுப்பர். அதிலும் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. தலைவர் தேர்தலில் மூன்றில் இரு பங்கு ஆதரவு கிட்டாதபோது அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பங்குதாரர் பிரதிநிதிகளே. தொழிலாளர் தரப்பு ஸ்தானங்களிலும் ஒன்று உயர் உத்தியோகஸ்தருக்கு உரியது. சொத்துரிமைக்கு இச்சட்டம் விரோதமன்று என்று 1979-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு, இறுதிச் சொல் மூலதனத்திடமே தங்கியிருந்தது முக்கியமான ஆதாரமாயிற்று.

சிறு முதலீட்டாளருக்கோ நெடுங்காலம் சட்டத்தின் துணை சொற்பமே. கம்பெனியின் உள்விவரம் அறிந்தவர் அதைக்கொண்டு பங்கு வியாபாரம் செய்வது குற்றமாக்கப்பட்டதே 1994-இல்தான். ஆகவே பங்குகள் வங்கிகள், குடும்பங்கள், பிற கம்பெனிகள் ஆகியவற்றின் கைகளில் திரண்டிருந்தன. தொழிலாளரின் பலத்தை எதிர்கொள்ளவே முதலாளிகள் பெரும் பங்குகளைக் கைவிடாதிருந்தனர் என்பது அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் ரோ கூறும் விளக்கம். முதலீட்டாளர் பாதுகாப்பு நலிந்த தேசங்களில் உடைமை திரள்வது இயல்பு என்பது ஆந்திரே ஷ்லைஃபர் முதலிய பொருளியலார் 1998-இல் நிறுவ முயன்ற கொள்கை. வங்கிகளின் ஆதிக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியதாதலால், முதலாவது விளக்கம் தனித்து நிற்கவியலாது. பங்குகளை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்குக் கம்பெனிகளுக்கு 2002 முதல் வரிவிலக்கு வந்ததும் வங்கிகள் தம் பங்குகளை விற்கத் தொடங்கின. உடைமை இவ்வாறு கலைந்த பின்னும் தொழிலாளரின் ஸ்தானங்கள் குறையவில்லை.

வோக்ஸ்வாகன் கம்பெனிக்கென 1960-இல் இயற்றிய தனிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தொழிற்சாலையை நிறுவவோ இடம் மாற்றவோ மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டுமாதலின், பாதி ஸ்தானமுடைய தொழிலாளர் ஒருமித்து மறுத்தால் தலைவரின் இரட்டை வாக்கும் அங்கே பயன்படாது. அச்சட்டத்தின் வேறு சில விதிகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2007-இல் செல்லாதென்றது. தொழிற்சாலை பற்றிய விதி நிலைத்தது.