பால்குடி மறக்கும் வயது எது?

  

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சகோதரி தன் கணவர் வழியாக எனக்கு ஒரு கேள்வியை எழுதி அனுப்பியிருந்தார். அவருடைய மகனுக்கு ஒரு வயதும் ஒன்பது மாதமும். நடக்கிறான், ஓடுகிறான், வாப்பாவின் பெயரைச் சொல்கிறான். எனினும் உறங்கும் வேளையில் தாயின் மடியைத்தான் தேடுகிறான். கலியாண வீடொன்றில் அவன் பாலுக்கு அழுதபோது பெண்கள் சிரித்தார்களாம். “பல் முளைத்த பிள்ளைக்கு இன்னும் என்ன பால்?” என்று மாமி கேட்டாராம். “இப்போது ஊறுவது பாலல்ல, வெறும் தண்ணீர்” என்றார் இன்னொருவர். வெட்கம் தாங்காமல் அன்றிரவே மார்பில் வேப்பெண்ணெய் தடவியிருக்கிறார். பிள்ளை விடியும்வரை அழுதான், தாயும் அழுதார். “மௌலவி, இவ்வளவு நாள் கொடுத்தது குற்றமா, இப்போது நிறுத்தியது குற்றமா?” என்பதே அவரது கேள்வி.

இதற்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆயினும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அதை அறியாததாலேயே நம் பெண்கள் வெட்கப்பட வேண்டாத ஒன்றுக்கு வெட்கப்படுகின்றனர்.

முதலில் அல்குர்ஆனை நோக்குவோம். பால்குடியை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகள் என ஸூரத்துல் பகறாவின் 233 ஆவது வசனம் காலத்தை வரையறுக்கிறது. ஸூரா லுக்மானின் 14 ஆவது வசனமும் பால்மறத்தலை இரண்டு ஆண்டுகளோடு இணைத்தே பேசுகிறது. சுமப்பதும் பால்மறப்பதும் முப்பது மாதங்கள் என்கிறது ஸூரத்துல் அஹ்காபின் 15 ஆவது வசனம். இவற்றை ஒப்பிட்டே கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்ற சட்டத்தை ஸஹாபாக்கள் எடுத்தார்கள்.

பகறாவின் அதே வசனம் தாயைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுத்த நினைத்தால் இருவரும் மனமொத்து மஷூரா செய்து நிறுத்தலாம் என்கிறது. கலியாண வீட்டுப் பெண்களின் சிரிப்புக்கு இந்த மஷூராவில் இடமில்லை.

அடுத்து நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் செல்வோம். அவர்களுடைய மகன் இப்றாஹீம் ஹிஜ்ரி 8 இல் மதீனாவில் பிறந்தார். கொல்லர் ஒருவரின் மனைவி அவருக்குப் பாலூட்டினார். உலைப் புகை சூழ்ந்த அந்த வீட்டுக்கு நபியவர்கள் நடந்து சென்று, மகனை அணைத்து முத்தமிட்டுத் திரும்புவார்கள் என அனஸ் (ரழி) அறிவிப்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஹிஜ்ரி 10 இல் அக்குழந்தை மரணித்தது. அப்போது அதன் வயது பதினாறு மாதம் என்றும் பதினெட்டு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. என் மகன் பால்குடிப் பருவத்தில் மரணித்தார், அவரது பால்குடியை நிறைவு செய்யச் சுவர்க்கத்தில் செவிலித் தாய்மார் இருக்கின்றனர் என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். சிந்தியுங்கள்! ஒன்றேகால் வயதைக் கடந்த, நடை பழகியிருக்கக்கூடிய பிள்ளையை நபியவர்கள் பால்குடிக் குழந்தை என்றே அழைத்தார்கள். குறைபட்டுப்போன அந்தப் பால் அவர்களுக்கு ஒரு சிறிய விடயமாகத் தோன்றவில்லை.

நம் தாய்மாரிடையே உள்ள இன்னொரு அச்சத்துக்கும் ஹதீஸில் தெளிவு உண்டு. பாலூட்டும் பெண் மீண்டும் கருவுற்றால் பால் கெட்டுவிடும், பிள்ளை நலிந்துவிடும் என அன்றைய அரபிகள் நம்பினர். பாலூட்டும் காலத்துத் தாம்பத்தியத்தைத் தடுக்க நபியவர்களும் எண்ணினார்கள். பின்னர் ரோமரும் பாரசீகரும் அவ்வாறே வாழ்வதையும், அதனால் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தீங்கு நேராததையும் கருத்திற்கொண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஊர்ப் பேச்சை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் உண்மை நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் வழி இது. ஆரோக்கியமான தாய் கருவுற்ற நிலையிலும் பாலூட்டலாம், குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர் மட்டும் வைத்தியரின் ஆலோசனையைப் பெற வேண்டும் என்பதே இன்றைய மருத்துவத்தின் பொதுவான கருத்தும்.

இனி உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்துக்கு வருவோம். இப்னு ஸஅத் தமது தபகாத்தில் இச்சம்பவத்தைப் பதிவு செய்துள்ளார். மதீனாவுக்கு வந்த வணிகக் கூட்டமொன்றுக்கு ஓர் இரவு உமரும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பும் (ரழி) காவல் இருந்தனர். ஒரு குழந்தை ஓயாது அழுதது. உமர் ஒருமுறையல்ல, பலமுறை சென்று தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். பேசுபவர் யாரென்று அறியாத அத்தாய், பால்மறந்த பிள்ளைகளுக்கே உமர் உதவித்தொகை கொடுக்கிறார், ஆகவேதான் இதற்கு இப்போதே பாலை மறக்கடிக்கப் பார்க்கிறேன் என்றார். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று ஸுப்ஹுத் தொழுகையில் உமரின் அழுகையால் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிள்ளைகளுக்குப் பாலை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், இனிப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொகை உண்டு என்று அறிவித்து, அதை எல்லாப் பிரதேசங்களுக்கும் எழுதி அனுப்பினார்கள்.

தாய் பாலை நிறுத்தினால் அவளை மட்டும் குறை கூறாதீர்கள் என்பதே இதில் நமக்குள்ள பாடம். ஆட்சி, தொழில், வறுமை, வீட்டாரின் சொல் ஆகிய எல்லாம் சேர்ந்தே அவளை அந்த முடிவுக்குத் தள்ளுகின்றன.

அறிஞர்களும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 980 முதல் 1037 வரை வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா தமது அல்கானூனில் பாலூட்டலின் இயல்பான காலம் இரண்டு ஆண்டுகள் என்றார். ஹிஜ்ரி 751 இல் மரணித்த இப்னுல் கய்யிம் பாலைத் திடீரென நிறுத்தாது படிப்படியாக நிறுத்த வேண்டும் என வலியுறுத்தினார். மூன்றாம் ஆண்டிலும் பாலூட்டலைத் தொடரலாம் என்றும் எழுதினார். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) தமது மின்ஹாஜில், பிள்ளைக்குத் தீங்கில்லையெனில் பெற்றோர் இருவரும் உடன்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரும் நிறுத்தலாம், இருவரும் விரும்பினால் அதற்கு மேலும் நீடிக்கலாம் என்கிறார். பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைக் கொடுப்பது தாயின் மீது கடமை என்பதும் அந்நூலில் உள்ள சட்டமே.

அன்பர்களே, நமது கரையோர ஊர்களின் வரலாற்றையும் சற்று நினைவுகூருங்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் குடி என்பது தாய்வழியாக வருவது. வீடு மகளுக்கு, மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகிறார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து இவ்வமைப்பை உலகுக்கு எழுதினார். இதனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உம்மாவும் மூத்தம்மாவும் சகோதரிகளும் ஒரே வளவில் துணையிருந்தனர். பால்சுறாவும் முருங்கை இலையும் உள்ளியும் சமைத்துக் கொடுக்க ஆளிருந்தது. மருதமுனையில் தறியில் இருந்த தாய் பிள்ளை அழுதால் நெசவை நிறுத்தி எழுந்து செல்ல முடிந்தது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, அம்பாறை மாவட்டமே இழந்தது. தாயும் மகளும் அருகருகே வாழ்ந்த குடும்பங்கள் பல வெவ்வேறு வீட்டுத்திட்டங்களுக்குப் பிரிந்து சென்றன. வேறு பல வீடுகளில் தாய்மார் பிள்ளைகளை விட்டு மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குச் சென்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்களாகச் செல்வதற்கு 2013 இல் கட்டுப்பாடு வந்தது. பொருளாதார நெருக்கடியின் நடுவே 2022 இல் அமைச்சரவை அந்த எல்லையை இரண்டு வயதாகக் குறைத்தது. வயிற்றுப்பாட்டுக்கும் தாய்மடிக்கும் இடையே நம் காலத்திலும் ஒரு பெண் நிறுத்தப்பட்டாள்; உமர் கேட்ட அழுகை இன்னும் ஓயவில்லை.

இடையில் பால்மா வியாபாரமும் புகுந்தது. புட்டிப்பால் நாகரிகம், தாய்ப்பால் பட்டிக்காடு என்ற எண்ணம் விளம்பரங்களால் பரவியது. அசுத்த நீரில் கரைத்த மாவால் ஏழை நாடுகளின் குழந்தைகள் மாண்டபோது உலகம் விழித்தது. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கக்கோவையை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் ஏற்ற உணவுகளோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டல். நம் நாட்டின் நிலை பெருமைக்குரியது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்காக நாம் வரிசையில் நின்றபோது, தாய்மடியில் இருந்த பிள்ளைக்கு மட்டும் வரிசை தேவைப்படவில்லை.

பல் முளைத்தபின் பால் தண்ணீராகிவிடும் என்பது உண்மையன்று. இரண்டாம் ஆண்டிலும் அதில் சக்தியும், கொழுப்பும், நோயெதிர்ப்புப் பொருட்களும் உள்ளன. அதேவேளை ஆறு மாதத்துக்குப் பின் பாலை மட்டும் நம்பியிருப்பதும் தவறு. சோறு, பருப்பு, மீன், முட்டை, கீரை யாவும் சேர வேண்டும். பிள்ளையின் எடை உயரவில்லையெனில் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

இளம் தந்தையரே! இரவில் மூன்று முறை விழிக்கும் மனைவிக்குப் பகலில் ஒரு மணிநேர உறக்கத்தைப் பெற்றுக்கொடுங்கள். அவளது தட்டில் மீன் இருக்கிறதா எனப் பாருங்கள். அது உங்கள் தயவல்ல, கடமை. மாமியாரே, மூத்தவர்களே! உங்கள் பரிகாசம் ஒரு பிள்ளையின் உணவைப் பறிக்கக்கூடும். நோயாலோ தொழிலாலோ பால் கொடுக்க இயலாத தாயையும் எவரும் குறை கூற வேண்டாம். எந்த ஆத்மாவும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்தப்படாது என்பதும் அந்த வசனத்தின் செய்தியே. நிறுத்தும் காலம் வந்தால் கசப்பைத் தடவி ஒரே இரவில் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். முதலில் பகல்நேரப் பாலைக் குறைத்து, பின்னர் இரவுப் பாலை மெல்ல மெல்ல நிறுத்துங்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் எழுதிய விடை இதுதான்: “நீங்கள் கொடுத்ததும் குற்றமன்று, நிறுத்தினால் அதுவும் குற்றமன்று. உங்கள் மகனுக்கு அல்லாஹ் குறிப்பிட்ட காலத்தில் இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. நீங்களும் கணவரும் அமர்ந்து பேசி முடிவெடுங்கள்.” அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என நான் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

நம் தாய்மாரின் சிரமத்தை அறிந்து நடக்கும் உள்ளங்களை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம் பிள்ளைகளை ஆரோக்கியமும் ஸாலிஹான குணமும் உடையவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.