‘நானுக்கு’: ஒரு மழலைச் சொல்லின் இலக்கணம்

என் பேத்தி இரண்டு வயது வரை ‘எனக்கு’ என்று திருத்தமாகவே சொல்லிவந்தாள். இரண்டரை வயதில் ஒருநாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ‘நானுக்குத் தோதை’ என்றாள். அதன்பின் சில மாதங்கள் ‘எனக்கு’ அவள் வாயில் வரவே இல்லை. வந்த பேச்சும் போகிறதே என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். நடந்தது வளர்ச்சி என்பதே என் வாதம்.

அந்தச் சிறு தொடரில் இருவகைப் பிழைகள் உள்ளன. ‘தோதை’ நாக்குக்கு இன்னும் பழகாத ஒலியால் வந்தது. ‘நானுக்கு’ அவளே ஆக்கிய சொல். இரண்டையும் மழலை என்று ஒன்றாகக் கட்டிவிடுவதால் பின்னதன் அருமை தெரியாமல் போகிறது.

ஒலிப்பிழைக்கு ழகரமே நல்ல சான்று. நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறது தொல்காப்பியப் பிறப்பியல். அந்த வருடல்தான் பிஞ்சு நாக்குக்கு எட்டுவதில்லை. ‘பழம்’ ‘பயம்’ ஆகிவிடுகிறது. சென்னைப் பேச்சில் பெரியவர்களுக்கும் வாழைப்பழம் ‘வாயப்பயம்’தான். ஆனால் குழந்தையின் காது ஏமாறுவதில்லை. ‘பயம் வேணுமா?’ என்று நான் கேட்டால், ‘பயம் இல்ல தாத்தா, பயம்!’ என்று கோபித்துக்கொள்வாள். 1960இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் இதையே எழுதினார்கள். ‘ஃபிஷ்’ என்பதை ‘ஃபிஸ்’ என்று சொன்ன குழந்தை, பெரியவர் அப்படியே திருப்பிச் சொன்னபோது ஏற்கவில்லை. மனத்தில் சொல் சரியாகவே இருக்கிறது.

எழுத்துகள் இடம் மாறி, குதிரை ‘குருதை’ ஆவதும் புதிதன்று. மதுரை நாட்டுப்புற வழக்கில் மருதை. விசிறி–சிவிறி, தசை–சதை ஆகியவற்றை இலக்கணமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

‘நானுக்கு’ வேறு வகை. அம்மாவுக்கு, அவனுக்கு, நாய்க்கு என்று கேட்டுக்கேட்டு, பெயரோடு ‘கு’ சேர்ந்தால் போதும் என்று குழந்தை கண்டுகொள்கிறது. அதன்படி ‘நான்’ ‘நானுக்கு’ ஆகிறது, ‘நீ’ ‘நீக்கு’ ஆகிறது. எங்கள் வீட்டில் யாரும் இச்சொற்களைச் சொன்னதில்லை. ஆகவே இவை கேட்டுக் கற்றவை அல்ல. முன்பு அவள் சொன்ன ‘எனக்கு’தான் கேட்டபடி ஒப்பித்த சொல், அதனுள் ஓர் உருபு இருப்பதை அவள் அப்போது அறிந்திருக்கவில்லை. 1958இல் பெர்கோ ‘வக்’ என்னும் பொய்ப்பெயர் கொண்ட உருவத்தைக் காட்டிப் பன்மை கேட்டார். அதற்கு முன் கேட்டிராத சொல்லுக்குக் குழந்தைகள் தாமே பன்மை அமைத்தார்கள். இங்கும் அதே ஆற்றலைத்தான் காண்கிறோம்.

விதி பிசகும் இடமோ மொழியின் வரலாற்றில் இருக்கிறது. பழந்தமிழில் ‘நீ’ உருபேற்கும்போது ‘நின்’ ஆகும். முதலெழுத்தின் நகரம் உறவைக் காட்டிக்கொடுக்கும். இன்றைய பேச்சில் ‘உன்’ மட்டுமே நிற்க, ‘நீ’யோடு அதற்கு ஓர் எழுத்துகூடப் பொதுவில்லை. நான்–என் இணையில் ஈற்று னகரமாவது மிஞ்சியிருக்கிறது.

பேத்தியிடம் ‘எனக்கு’ மூன்று வயதையொட்டித் திரும்பிவிட்டது. ‘நீக்கு’ அதற்குப் பிறகும் பல மாதங்கள் நிலைத்தது. ஒரு குழந்தையைக் கொண்டு பொதுவிதி வகுக்கலாகாது. ஆனால் தமிழ்க் குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்வோர் ‘நானுக்கு’, ‘நீக்கு’ என்னும் இரண்டு வடிவங்களும் எப்போது தோன்றின, எது முதலில் மறைந்தது என்பதை நாளோடு தனித்தனியே குறித்துவைக்க வேண்டும்.