ஈஸ்டர் லீவில் பிறந்த டெத் மெட்டல்

ஒரு இசைவகைக்கு யார் பெயர் வச்சாங்கன்னு பெரும்பாலும் சொல்லவே முடியாது. ஜாஸ்னு முதலில் சொன்னது யார், ராக்னு சொன்னது யார் என்று கேட்டால் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். டெத் மெட்டல் விஷயத்தில் பஞ்சாயத்து கொஞ்சம் சின்னது. 1985 அக்டோபரில் வந்த ஒரு எல்பி. அதில் பத்தாவது, கடைசிப் பாட்டின் பேரே 'டெத் மெட்டல்'. இசைக்குழுவின் பெயர் பொசெஸ்ட். பேய் பிடித்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆல்பத்தின் பெயர் 'செவன் சர்ச்சஸ்'.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிப் பையன்கள். கிடார் மைக் டொராவோ, டிரம்ஸ் மைக் சஸ், பேஸும் குரலும் ஜெஃப் பெசெர்ரா, இன்னொரு கிடார் லாரி லலோண்ட். பெசெர்ராவும் லலோண்டும் பிறந்தது 1968-இல். அதாவது பதிவு நடந்தபோது இருவருக்கும் பதினாறு, பதினேழு வயசு, இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. அதனாலேயே 1985-இன் ஈஸ்டர் லீவில் போய், கலிஃபோர்னியாவில் கோட்டாட்டி என்ற சிற்றூரில் இருந்த ப்ரேரி சன் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ராண்டி பர்ன்ஸ். குழுவின் மேனேஜர் டெபி அபோனோ. ஐம்பதைத் தாண்டிய அம்மா, லலோண்டின் அன்றைய காதலியின் தாயார்! மகளின் சிநேகிதனுடைய சாத்தான் பாட்டுக் குழுவை வேனில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய இந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பின்னாளில் எக்ஸோடஸ், ஃபர்பிடன் மாதிரி குழுக்களையும் இவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஒரு பள்ளிக்கூடப் பையன் குழுவுக்கு எல்பி போடும் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? கேசட்தான். அன்றைக்கு இந்த மாதிரி இசையை எந்த ரேடியோவும் தொடாது. வீட்டு டேப் ரெக்கார்டரில் பிரதி எடுத்து, தபாலில் ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் அனுப்பி, பதிலுக்கு வேறொரு கேசட் வாங்கிக்கொள்ளும் ஒரு பெரிய வலைப்பின்னல் இருந்தது. ஸ்டாம்ப் மேல் லேசாகப் பசை தடவி அனுப்புவார்கள். தபால் முத்திரையைக் கழுவிவிட்டு அதே ஸ்டாம்பைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. 1984-இல் பொசெஸ்ட் வெளியிட்ட டெமோ கேசட் இப்படித்தான் சுற்றியது. அதன் பெயரும் 'டெத் மெட்டல்' தான். அடுத்து மெட்டல் பிளேட் கம்பெனியின் 'மெட்டல் மாஸக்கர் 6' தொகுப்பில் ஒரு பாட்டு, அப்புறம் காம்பாட் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம்.

சரி, பெயர் யாருடையது? பள்ளியில் இங்கிலீஷ் வகுப்பில் உட்கார்ந்து யோசித்த பெயர் என்று பெசெர்ரா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே 1984-இல் ஜெர்மனியின் நாய்ஸ் கம்பெனி 'டெத் மெட்டல்' என்ற தலைப்பில் ஒரு தொகுப்பு போட்டது. அதில் ஹெல்ஹாமர் இருக்கிறது, சரி. கூடவே ஹெலோவீனும் இருக்கிறது! இன்றைக்கு ஹெலோவீனை யாராவது டெத் மெட்டல் என்று சொன்னால் சிரித்துவிடுவோம். சொல் காற்றில் இருந்தது, ஆனால் இன்ன இசைக்குத்தான் என்று ஒட்டவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஃப்ளோரிடாவில் சக் ஷுல்டினர் தன் 'மான்டாஸ்' குழுவை 'டெத்' என்று மாற்றியதும் அதே வருஷம்தான். அவர்களுடைய முதல் ஆல்பம் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' வெளிவந்தது 1987-இல். அதே காம்பாட், அதே ராண்டி பர்ன்ஸ்.

இங்கேதான் ரசிகர்களின் தீராச் சண்டை. முதல் டெத் மெட்டல் ஆல்பம் 'செவன் சர்ச்சஸா', 'ஸ்க்ரீம் பிளடி கோரா'? இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 'செவன் சர்ச்சஸ்' உடம்பளவில் த்ராஷ் ஆல்பம். ஸ்லேயரின் 'ஷோ நோ மெர்சி'யும் வெனமும் கேட்டு வளர்ந்த பையன்கள் என்பது முதல் ரிஃபிலேயே தெரிந்துவிடும். கிடாரை அடிமட்டத்துக்கு இறக்கிக் கட்டும் பழக்கம் இதில் இல்லை. பிற்காலத்தில் டெத் மெட்டலின் முத்திரையான பிளாஸ்ட் பீட்டின் ஆட்சியும் இல்லை.

ஆனால் குரலைக் கேளுங்கள். அதற்கு முன் மெட்டலில் பாடகர் என்றால் எட்டுக்கட்டைதான். ராப் ஹால்ஃபோர்ட், புரூஸ் டிக்கின்சன் வரிசை. த்ராஷ் வந்து அதை அதட்டலாக மாற்றியது. அதட்டினாலும் வார்த்தை புரியும். வெனமின் குரோனாஸ் கரகரவென்று கத்துவார், அதிலும் ஒரு ராக் பாடகன் ஒளிந்திருப்பான். பெசெர்ரா தொண்டையின் அடியிலிருந்து உறுமுகிறார். சொல்லின் பாதி கரைந்துபோய் சத்தம்தான் நிற்கிறது. இங்கே குரல் ராகத்தைச் சுமப்பதில்லை. இன்னொரு தாளவாத்தியமாக ஆகிவிடுகிறது. அடுத்த பத்து வருஷம் ஃப்ளோரிடாவிலும் ஸ்வீடனிலும் நடந்தது எல்லாம் இந்த ஒரு முடிவின் நீட்சி என்பது என் கட்சி. தாளத்தையும் கிடாரையும் பிறகு யார் வேண்டுமானாலும் வேகப்படுத்தியிருப்பார்கள். பாடகன் பாட வேண்டியதில்லை என்று முழு ஆல்பத்துக்கும் துணிந்தது இவர்கள்.

ஆல்பம் தொடங்குவதே ஒரு குறும்பு. 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் வரும் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' மெட்டைக் கீபோர்டில் வாசித்துவிட்டு, சட்டென்று பாய்கிறார்கள். தலைப்பு பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து. தமிழ் பைபிளில் 'ஆசியாவிலுள்ள ஏழு சபைகள்' என்று வருமே, அதுதான். எபேசு, சிமிர்னா வரிசை. அட்டைப்படத்தில் பேய், பிணம் ஒன்றும் கிடையாது: கறுப்புப் பின்னணி, வால் முளைத்த லோகோ.

குறை இல்லாமலா? மைக் சஸ்ஸின் டிரம்ஸ் பல இடங்களில் தடுமாறும். பாட்டின் வேகத்தைக் கையால் பிடிக்க முடியாமல், பிரேக் இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் போகிறவன் மாதிரி ஓடுகிறார். 'பர்னிங் இன் ஹெல்'லில் நன்றாகத் தெரியும். எனக்கு அது பிடிக்கும். விழுந்துவிடுவார்களோ என்ற பயம்தான் பாதி சுவாரசியம். அதற்கு நேர்மாறாக லலோண்டின் சோலோக்கள். ஜோ சாட்ரியானியிடம் படித்த கை அது. அவர் பின்னாளில் ப்ரைமஸ் குழுவில் சேர்ந்து கோணல்மாணலான ஃபங்க் வாசித்தார், 'சவுத் பார்க்' தொடரின் டைட்டில் பாட்டு உட்பட.

அடுத்த கதை சுருக்கம். 1986-இல் 'பியாண்ட் தி கேட்ஸ்', 1987-இல் சாட்ரியானி தயாரித்த 'ஐஸ் ஆஃப் ஹாரர்' குறுந்தட்டு, அதோடு குழு கலைந்தது. 1989-இல் வழிப்பறி செய்ய வந்தவர்கள் சுட்டதில் பெசெர்ரா இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயசு. 2007-இல் சேடிஸ்டிக் இன்டென்ட் குழுவினரைச் சேர்த்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஜெர்மனியின் வாக்கன் விழா மேடைக்குத் திரும்பினார். 2019-இல் 'ரெவலேஷன்ஸ் ஆஃப் ஆப்லிவியன்'. முழு ஆல்பமாக எடுத்துக்கொண்டால் முப்பத்திமூன்று வருஷ இடைவெளி.

இரண்டையும் ஒரே ராத்திரி அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். புதியதில் பழைய ஆட்களில் பெசெர்ரா மட்டும்தான். கிடார் துல்லியம், டிரம்ஸ் எங்கேயும் நழுவவில்லை. குரலில் வார்த்தைகள் முன்னைவிடத் தெளிவாகப் புரிகின்றன. புதுசாகக் கேட்க வருபவர்களுக்கு என் யோசனை, 1985 ஆல்பத்தைக் கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் அந்த மணியோசைக்குப் போகலாம்.