மிர்-21 போன வழி

மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. பிறப்பது 17ஆம் குரோமோசோமில். உட்கருவுக்குள் நீளமான ஆர்.என்.ஏ. இழையாக உருவாகும் அதை ட்ரோஷா என்ற நொதி கொண்டை ஊசி வடிவத் துண்டாக வெட்டுகிறது. வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி நறுக்க, மிஞ்சுவது 22 எழுத்து. இதை வைத்து எந்தப் புரதமும் செய்ய முடியாது. மற்ற மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைப்பதே இதன் வேலை.

இப்படியொரு வகை மூலக்கூறு இருப்பதே 1993இல்தான் தெரிந்தது, அதுவும் ஒரு புழுவில். கண்டறிந்த ஆம்புரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்பகப் புற்றுக்கட்டிகளில் மிர்-21 மிகுந்திருப்பதை 2005இல் குரோச்சேயின் குழு காட்டியது. நல்ல உடம்பிலும் இது உண்டு; அளவு மீறும்போது, உயிரணு கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி-டென் போன்ற மரபணுக்கள் அடங்கிப்போகின்றன.

இது படப்பையில் ஒரு பெண்ணின் மார்பில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்துக்குக் கம்பெனி வேனில் ஷிப்டுக்குப் போகிறவர். கட்டி வலிக்காது. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். மாதங்கள் ஓடிவிடும். இந்தத் தாமதத்தை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. ஒருவழியாக வாலாஜாபாத் சாலையில் பஸ் பிடித்து, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் போகிறார். அங்கே ஊசியில் எடுக்கும் சதைத் துணுக்கோடு மிர்-21ம் உடம்பை விட்டு வெளியேறுகிறது.

துணுக்கு தீக்குச்சியைவிட மெல்லியது, வெளிறிய நிறம். பார்மலினில் ஊறி, ஆல்கஹாலில் நீர் வற்றி, பாரஃபின் மெழுகுக்குள் உறைகிறது. பார்மலினில் நீளமான ஆர்.என்.ஏ.க்கள் துண்டு துண்டாகிவிடும். ஏற்கெனவே குட்டையான மிர்-21 பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பல ஆண்டு கழித்தும் அந்த மெழுகு பிளாக்கைச் சீவி மிர்-21இன் அளவைப் பார்க்கலாம்.

இன்றைக்கு யாரும் சிகிச்சைக்காக அதைப் பார்ப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவற்றைச் சாயமேற்றிப் பார்த்தே மருந்தை முடிவு செய்கிறார்கள். மிர்-21 இன்னும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2025இல் மார்பகப் புற்றுநோயின் 480 திசு மாதிரிகளைக் கொண்டு மரபணுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது, அது டி.என்.ஏ. மாற்றங்களின் தொகுப்பு. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் அதே அளவில் ஒன்று நமக்கு வேண்டும். அவற்றின் அளவை வைத்து எந்தக் கட்டி பரவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதைப் பழைய பிளாக்குகளிலேயே சோதிக்கலாம். அந்தப் பெண்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பது மருத்துவமனைப் பதிவேடுகளில் இருக்கிறதே.