கிரெடிட் கார்டு கடனைக் குறைந்த வட்டி அட்டைக்கு மாற்றினால் லாபமா? கணக்கு சொல்வது என்ன?

கொள்ளேகால்: ஒரு கிரெடிட் கார்டில் சேர்ந்துவிட்ட நிலுவையை, குறைந்த வட்டி வசூலிப்பதாகக் கூறும் வேறொரு வங்கியின் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 'பேலன்ஸ் டிரான்ஸ்பர்' எனப்படுகிறது. இதனால் பயன் உண்டா என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள வட்டி விகிதம் மட்டும் முடிவு செய்வதில்லை. மாற்றுவதற்கான கட்டணமும், கடனை எத்தனை மாதங்களில் அடைக்க முடியும் என்பதுமே அதனை முடிவு செய்கின்றன.

கிரெடிட் கார்டு வட்டியை ஆண்டுக்கு 30 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-ஆம் ஆண்டு பிறப்பித்த உத்தரவை, உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்தது. பல அட்டைகளில் மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீத வட்டி வசூலிக்கப்படுகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

60,000 ரூபாய் கடன்: ஒரு கணக்கு

1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, தற்போது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள கொள்ளேகால், பட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு, விற்ற சரக்குக்கான பணம் கைக்கு வரும் வரை அட்டையைத் தேய்த்துச் சமாளிக்கும் சிறு வியாபாரி ஒருவருக்கு 60,000 ரூபாய் நிலுவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிய அட்டையில் ஆறு மாதங்களுக்கு மாத வட்டி 1.5 சதவீதம், மாற்றுக் கட்டணம் 2 சதவீதம் என்பது நிபந்தனை.

அவர் மாதம் 10,000 ரூபாய் அசலுடன் வட்டியையும் செலுத்தி ஆறு மாதங்களில் கடனை முடித்தால், பழைய அட்டையில் வட்டியும் ஜிஎஸ்டியும் 8,673 ரூபாய். புதிய அட்டையில் கட்டணம், வட்டி, ஜிஎஸ்டி அனைத்தும் சேர்த்து 5,133 ரூபாய். மிச்சம் 3,540 ரூபாய். வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுவதால் இத்தொகை சற்று மாறலாம்.

ஆனால் அடுத்த மாதமே பணம் வந்து முழுக் கடனையும் அடைத்துவிட முடியுமானால், இரு அட்டைகளிலும் செலவு ஒன்றே: 2,478 ரூபாய். இரு வட்டிகளுக்கும் இடையிலான 2 சதவீத வித்தியாசத்தைக் கட்டணமே விழுங்கிவிடுகிறது. 'பூஜ்ய வட்டி' என்று அறிவிக்கப்படும் திட்டங்களிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கட்டணத்தைத்தான்.

மாதம் 3,000 ரூபாய் மட்டும் கட்டுவோரின் நிலை வேறு. கட்டணம் நிலுவையில் சேர்க்கப்பட்டால், ஆறு மாதங்களில் 18,000 ரூபாய் செலுத்திய பிறகும் 49,000 ரூபாய்க்கு மேல் மீதமிருக்கும். சலுகைக் காலம் முடிந்ததால், அத்தொகைக்கு மீண்டும் வழக்கமான வட்டி தொடங்கும். பழைய அட்டையிலேயே இருந்திருந்தால் முதல் மாதத்து 3,000 ரூபாயில் 522 ரூபாய் மட்டுமே அசலுக்குச் சென்றிருக்கும் என்பதால், இதையும் முழு நஷ்டம் என்று சொல்வதற்கில்லை. எனினும் இத்தகையோர், வட்டி குறைவாகக் கிடைக்குமானால், தனிநபர் கடனையோ நகைக்கடனையோ ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மாற்றும் முன் கவனிக்க

புதிய அட்டைக்கு வழங்கப்படும் கடன் வரம்பு முழுவதையும் மாற்றத்துக்குப் பயன்படுத்த வங்கிகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஒரே வங்கியின் இரு அட்டைகளுக்கு இடையே பொதுவாக மாற்ற இயலாது. புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பது கடன் தகவல் அறிக்கையிலும் பதிவாகும்.

நிலுவை இருக்கும்போது அதே அட்டையில் பொருள் வாங்கினால், வழக்கமான வட்டியில்லா அவகாசம் பெரும்பாலும் கிடைக்காது. குறைந்த வட்டி மாற்றிய தொகைக்கு மட்டுமே. புதிதாக வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அல்ல. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மாற்றம் முடிந்ததாக உறுதியாகும் வரை பழைய அட்டையின் தவணையை நிறுத்தக் கூடாது. பில் தேதிக்கும் பணம் சேர்ந்த தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி, அடுத்த பில்லில் வரக்கூடும். அதையும் செலுத்திய பின் கணக்கை மூடக் கோரினால், ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு வழங்கப்பட வேண்டும். வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்கான உதவி எண் 14448.